என் தோளுக்குப் பொருந்திய துப்பாக்கி

2024 மார்ச் 5, செவ்வாய்

பத்தொன்பது கன்று. ஒரே ராத்திரியில் பத்தொன்பது.

வேரோடு சாய்த்து, குருத்தை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு, மீதியைக் கிழிந்த பாய் மாதிரி போட்டுவிட்டுப் போயிருக்கிறது சனியன். முழுசா தின்னாக்கூட மனசு ஆறும். வயித்துப் பசின்னு விட்டுடலாம். இது நாக்கு ருசிக்குப் பண்ற வேலை. காட்டுப்பன்னிக்கு என் நாலு ஏக்கர்தான் கிடைச்சுதா? சுத்தி இருக்கிற பெரிய தோட்டத்துல எல்லாம் வளர்ந்த எண்ணெய்ச் செம்பனை மரம். இளங்கன்னு என்னுதுல மட்டும்தான். மோப்பம் பிடிச்சு நேரா வருது.

இருநூற்று இருபது நட்டேன். இன்றோடு எழுபத்து நாலு போச்சு.

குருண் ஃபாக்டரியில் பதினேழு வருஷம் நின்ற காலோடு வேலை பார்த்தேன். அதை மூடும்போது கைக்கு வந்ததை அப்படியே கொண்டுவந்து செர்டாங் பக்கம் இந்த நிலத்தில் போட்டேன். நிலத்துக் கெரான், அதாவது பட்டா, என் பேரில். யோகேஸ்வரி என்று அச்சடித்திருக்கு. அதைப் பார்த்த அன்றைக்கே என் புருஷன் வீட்டுக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. இப்போ பன்னி வந்ததும் கொழுந்தன் ஜெயகுமார் போன்ல சிரிக்கிறான். "அண்ணி, பொம்பளைக்கு எதுக்கு தோட்டம் லா, வீட்டுல தொட்டியில பூச்செடி வைங்க"ன்னு. ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இவரும் சிரிக்கிறார்.

சிரிங்க.

மார்ச் 9, சனி

தகரம் கட்டித் தொங்கவிட்டாச்சு. மண்ணெண்ணெய்த் துணி சுற்றியாச்சு. பழைய ரேடியோவை ராத்திரி முழுக்கப் பாட விட்டோம். காலையில் ரேடியோவைச் சுற்றி நாலு கன்று காலி. பாட்டு கேட்டுக்கிட்டே தின்னிருக்கு.

மார்ச் 17, ஞாயிறு

பாலாய்க்கு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். துப்பாக்கி லைசன்சுக்கு விண்ணப்பப் பாரம் வாங்க.

வெள்ளி சனி ஆபீஸ் மூடியிருக்கும் என்பதால் ஞாயிறு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இவர் லோரி எடுக்காமல் கூட வந்தார். கவுன்டரில் இருந்த போலீஸ்காரர் பாரத்தை இவரிடம் நீட்டினார். இவரும் பேனாவை எடுத்துவிட்டார்! "யார் பேருல நிலம்?" என்று அடுத்த கேள்வி வந்ததும்தான் பேனா நின்றது. நிலம் யார் பேரில் இருக்கோ அவங்கதான் பயிர்க்காவல் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்க முடியும். நான் பேனாவை இவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்றே எழுதலாம், பரவாயில்லை.

சாயங்காலம் ஜெயகுமார் போன் பண்ணினான். "யார் பேர்ல இருந்தா என்ன அண்ணி? சுடப் போறது நான்தானே."

யார் சொன்னது உனக்கு? யாராவது உன்கிட்ட வந்து, தம்பி நீ வந்து சுடுப்பான்னு வெத்தலை பாக்கு வெச்சாங்களா?

இவரிடம் கேட்டேன். "அவன் பதினஞ்சு வருஷமா வேட்டைக்குப் போறவன், அனுபவம் இருக்கு இல்ல?" என்றார். போறான்தான். மத்தவன் துப்பாக்கிக்குப் பின்னால, கையைத் தட்டிக்கிட்டு பன்னி விரட்டப் போறான். அவனுக்கு ஒரு துண்டு நிலம் கிடையாது, அதனால் லைசன்சு கிடைக்காது. அந்த ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. அதுக்காக என் பேரில் தீர்த்துக்கொள்ள முடியுமா?

மே 22, புதன்

பாலாயிலிருந்து நிலத்தைப் பார்க்க வந்தார்கள். துப்பாக்கி வைக்கிற இரும்புப் பெட்டி சுவரோடு போல்ட் போட்டிருக்கா என்று ஆட்டிப் பார்த்தார்கள். ஒரு போலீஸ் சார்ஜன், மலாய்ப் பெண், என்னைவிட வயசு கம்மி. தின்று போட்ட கன்றுகளைப் படம் எடுத்துக்கொண்டாள். "புவான் தனியா சுடுவீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். இதுவரை ஒரு பட்டாசுகூட கையில் பிடித்து வெடித்ததில்லை என்று சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது! என் பேர், என் ஐசி கார்டு நம்பர். இரண்டு தடவை படித்தேன். கன்று மிச்சம் நூற்று இருபத்தொன்று.

ஜூலை 14, ஞாயிறு

உடம்பெல்லாம் எரிகிறது.

அலோர் ஸ்டார் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். நான், இவர், கூப்பிடாமலே குலிமிலிருந்து வந்து காடியில் முன் ஸீட்டில் உட்கார்ந்த ஜெயகுமார். நான் பின்னால். என் துப்பாக்கி வாங்க நான் பின் ஸீட்டில் போறேன்.

கடைக்காரர் வயசான சீனர், தவுக்கே என்று கூப்பிடுவார்கள். நான் கடிதத்தை மேஜையில் வைத்தேன். அவர் வாய் திறப்பதற்குள் ஜெயகுமார் ஆரம்பித்துவிட்டான். ஐந்து தோட்டா போடுகிற ஆட்டோமேட்டிக் வேணுமாம். தவுக்கே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இவன் வாங்கி, தோளில் வைத்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். கல்யாணப் பொண்ணு நகை போட்டுப் பார்க்கிற மாதிரி. "சூப்பர் அண்ணே, பேலன்ஸ் பாருங்க." இவர் தலையாட்டுகிறார். அப்புறம் அதை என்னிடம் கொடுத்தான், ஒரு நிமிஷம். தூக்கினேன். குழல் நுனி கீழே சாய்ந்தது. கன்னத்தை வைத்தால் துப்பாக்கியின் மரக்கட்டை அக்குளுக்கு வெளியே இடிக்கிறது, விரல் நுனிதான் விசைக்கு எட்டுகிறது.

"பழகிடும் அண்ணி. சும்மா பேருக்குத்தானே நீங்க."

சும்மா பேருக்கு!

தவுக்கே என்னைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். கடிதத்தை எடுத்துப் படித்தார். "யாரு யோகேஸ்வரி?" என்று மலாயில் கேட்டார். நான்தான் என்றேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, "இன்னொரு நாள் வா. தனியா வா," என்றார். அவ்வளவுதான். துப்பாக்கியை ஜெயகுமார் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

திரும்பி வரும் வழி முழுக்க ஜெயகுமார், அந்தக் கிழவனுக்கு வியாபாரம் பண்ணத் தெரியலை என்று திட்டிக்கொண்டே வந்தான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்தால் காடியை நிறுத்த வேண்டி வந்திருக்கும்.

ஜூலை 15, திங்கள்

அரிசியில் கல். நான் பொறுக்காமல் போட்டேன். வேணும்னேதான்.

ஜூலை 21, ஞாயிறு

தனியாகப் போனேன். பஸ்ஸில். யாரிடமும் சொல்லவில்லை.

தவுக்கே முதலில் துப்பாக்கியே காட்டவில்லை. இரண்டு கையையும் நீட்டி, கட்டைவிரல்களுக்கு நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை வைத்து, அதன் வழியாகச் சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். இரண்டு கண்ணும் திறந்தபடி. அப்படியே கையை மெதுவாக முகத்துக்குக் கொண்டு வரச் சொன்னார். கை நேராக இடது கண்ணுக்குப் போய் நின்றது. மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் இடது.

"எழுதறது எந்தக் கை?"

வலது என்றேன்.

"கை வலது, கண்ணு இடது. வலது தோள்ல வெச்சா வாழ்நாள் முழுக்க பன்னி தப்பிக்கும். நீ இடது தோள்ல வெச்சுச் சுடு."

நாற்பத்தாறு வயசில் எனக்கு இது தெரிகிறது. நான் எந்தக் கண்ணால் பார்க்கிறேன் என்றே இத்தனை நாள் எனக்குத் தெரியாது!

அந்த ஐந்து தோட்டா ஆட்டோமேட்டிக்கை மேஜையில் வைத்துக் காட்டினார். சுட்டதும் காலித் தோட்டா வலது பக்கமாகத் தெறிக்குமாம். இடது தோளில் வைத்தால் என் மூஞ்சிக்குக் குறுக்கே பறக்கும். அதோடு, உள்ளே தோட்டா இருக்கா இல்லையா என்று வெளியே இருந்து தெரியாது. முதல் துப்பாக்கிக்கு அது ஆகாது என்றார். பிறகு நடுவில் மடிகிற இரட்டைக் குழல் ஒன்றை எடுத்தார். பழசு, மரத்தில் ஒரு கீறல். மடித்து என்னிடம் நீட்டினார். "குழலுக்குள்ள பாரு." பார்த்தேன். கடை வாசல், வாசலுக்கு வெளியே ஆகாயம். "ஆகாயம் தெரிஞ்சா காலி. உனக்கும் தெரியும், உன் பக்கத்துல நிக்கிறவனுக்கும் தெரியும்."

எனக்கு இது போதும் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

ஆனால் கட்டை நீளம். என் முழங்கை மடிப்பில் கட்டையின் அடியை வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். எட்டவில்லை. ஒரு இன்ச் அறுக்கணும் என்றார். "அறுத்தா அறுத்ததுதான். உன் புருஷன் உயரம், அந்தத் தம்பி உயரம், அவங்களுக்கு அப்புறம் சரியா வராது."

"அறுங்க," என்றேன்.

பின்கட்டில் ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிம்மதியாக ஒரு சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாச்சு.

கடைசியாக லைசன்சுப் புத்தகத்தைக் காட்டி ஒன்று சொன்னார். "இதுல ஒரு பேர்தான் இருக்கு. அந்தப் பேருக்காரங்க கை மட்டும்தான் இதைத் தொடணும். புருஷனா இருந்தாலும் சரி." சரி என்றேன். நன்றாகத்தான் கேட்டேன். இங்கே எழுதியும் வைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

துப்பாக்கி கிளப் ரேஞ்சில் சுட்டுப் பழகுவது மூன்றாவது தடவை. இடது தோளில் கத்திரிக்காய் நிறத்தில் கன்னிப்போயிருக்கு. தோளோடு அழுத்திப் பிடிக்காமல் விட்டதுக்குத் தண்டனை. இன்றைக்கு இருபத்தைந்தில் பதினொன்று பட்டது. போன வாரம் மூன்று. இவர் தைலம் தேய்த்துவிட்டார். "யோகம், உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று தேய்த்துக்கொண்டே சொன்னார். பேசாம தேய்ங்க என்றேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஜெயகுமார் வந்தான். துப்பாக்கியைக் காட்டச் சொன்னான். பெட்டியைத் திறந்து, மடித்து, தூரத்தில் இருந்தே காட்டினேன். கட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அறுத்துட்டீங்களா? இதை யாரு பிடிக்கிறது இப்ப?"

"நான்."

"அண்ணே, பாருங்கண்ணே! ஒரு நல்ல சாமானை நாசம் பண்ணிட்டாங்க!" செத்துப்போன ஆளுக்கு அழுகிற மாதிரி அழுதான். இவருக்கும் அதில் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார்.

யாரைக் கேட்கணும்? என் தோளை யாரைக் கேட்டு அளக்கணும்?

செப்டம்பர் 2, திங்கள்

பொழுது சாயும்போது நாலு வந்தது. சுட்டேன். படவில்லை. ஆனால் ஓடியதே ஒரு ஓட்டம்! கன்று ஒன்றுகூடப் போகவில்லை.

செப்டம்பர் 25, புதன்

மூன்று வாரமாக ஒரு கன்றுகூட இல்லை. மிச்சமிருந்த நூற்றுப் பத்து அப்படியே நிற்கிறது. போன இடத்துக்கெல்லாம் புதுசு வாங்கி நட்டுவிட்டேன். இன்றைக்குக் காலையில் வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். சும்மா பார்த்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. எல்லோரும் வந்தார்கள். மாமியார் காளியம்மா, ஜெயகுமார், அவன் மனைவி தேவகி, இரண்டு பிள்ளைகள். இவர் லோரிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்தார். வாசலில் பாய் விரித்து பாராங் கத்தி, மருந்தடிக்கிற டாங்கி, பழம் வெட்டுகிற அரிவாள் எல்லாம் வைத்தேன்.

மாமியார் பாயைப் பார்த்துவிட்டு, "ஆயுதத்தைப் பெட்டியில பூட்டிட்டு எதுக்குடி ஆயுத பூஜை?" என்றார்.

அவர் சொன்னதுக்காகத் திறந்தேன் என்று எழுதினால் பொய். எனக்கே ஆசைதான். எடுத்து, மடித்து, காலிதானா என்று ஆகாயம் பார்த்து, பாய் நடுவில் வைத்தேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கட்டையில் ஒரு செம்பருத்தியும் சொருகினேன். ரொம்ப அழகாக இருந்தது. தேவகிகூட, "அக்கா, எங்கக்கா கெத்து!" என்றாள். சுண்டலை இறக்க உள்ளே போனேன். ஐந்து நிமிஷம் இருக்கும்.

அக்டோபர் 12, சனி

பாவி. பாவி. படுபாவி.

டிக்டாக்கில் போட்டிருக்கிறான். என் துப்பாக்கியை, சந்தனம் குங்குமத்தோடு, தோளில் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, லோரி முன்னால் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறான். பின்னால் மேளச் சத்தம். நான் உள்ளே சுண்டல் கிண்டிக்கிட்டு இருக்கேன், இவன் வாசல்ல ஹீரோ. ஏழாயிரம் பேர் பார்த்திருக்காங்க.

போன் பண்ணி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். "அழிச்சிடறேன் அண்ணி, விளையாட்டுக்கு லா." அழித்தானாம். எத்தனை பேர் அதற்குள் எடுத்து அனுப்பினார்களோ.

அக்டோபர் 13, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். அதே சார்ஜன். துப்பாக்கி, தோட்டா, புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள். குங்குமம் அப்படியே காய்ந்துபோய் இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை, பையில் போடும்போது படாமல் பார்த்துக்கொண்டாள். "புவான், விசாரணை முடியற வரைக்கும் கிடைக்காது," என்றாள்.

அவன்மேல் கோபம் பாதி. என்மேல் பாதி. கடையில் அந்த மனுஷன் தெளிவாகத்தானே சொன்னார். லோரிக்கு மாலை போடற மாதிரி இதுக்கும் போட்டேனே! வெட்கங்கெட்ட பெருமை எனக்கு. ஊரைக் கூட்டி வெச்சு, திறந்து வெச்சிட்டு, சுண்டலாம் சுண்டல்.

அக்டோபர் 15, செவ்வாய்

பேசி வைத்துக்கொண்டு வந்தார்கள். மாமியார், ஜெயகுமார். இவர் வாசலிலேயே நின்றார்.

விஷயம் இதுதான். ஜெயகுமார் குலிமில் ஒரு ஃபாக்டரிக்குக் காவலாளி. துப்பாக்கி இல்லாத காவல்தான், ஆனால் போலீஸ் கேஸ் ஒன்று பேரில் விழுந்தால் வேலை போய்விடும். கேட்காமல் எடுத்தான் என்று ஆனால் கேஸ் அவன்மேல். நான்தான் கையில் கொடுத்து நிற்கச் சொன்னேன் என்று ஆனால் தப்பு என்னுடையது, அவன் தப்பித்துக்கொள்வான். என் லைசன்சு போகும்.

"ஒரே ஒரு வார்த்தை அண்ணி. நீங்க குடுத்தீங்கன்னு சொல்லுங்க." கண் கலங்கித்தான் கேட்டான். நடிப்பு இல்லை.

"கன்னு போனா நட்டுக்கலாம். தம்பி வேலை போனா?" இது இவர்.

கன்னு போனா நட்டுக்கலாமாம். நட்டது யாரு? முழங்கால் தேய உக்காந்து இருநூத்தி இருபது குழி தோண்டினது யாரு? பன்னிக்கு ஒரு தடவை, உங்களுக்கு ஒரு தடவைன்னு நான் நட்டுக்கிட்டே இருக்கணுமா? இவ்வளவையும் வாய்விட்டுக் கேட்டேன். மாமியார் எழுந்து போய்விட்டார். யாரும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 16, புதன்

பதினொன்று போச்சு. எப்படித்தான் அதுங்களுக்குத் தெரியுதோ.

அக்டோபர் 20, ஞாயிறு

பாலாய். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பஸ்ஸில் போகும்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிடலாம். தேவகி முகம்தான் கண்ணில் நின்றது. அவள் என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்காததனால்தான் மனசு இளகியது.

உள்ளே போனால், என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் ஜெயகுமார் நேற்றே வந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். சார்ஜன் எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். அண்ணிக்குச் சுடத் தெரியாது. துப்பாக்கி பேருக்குத்தான் அவங்களுது. அண்ணன் சொல்லி நான்தான் எடுத்தேன், எடுத்தா என்ன, எப்பவும் நான்தான் கூடப் போவேன்.

எப்பவும்! ஒரு நாள்கூட என் நிலத்தில் கால் வைக்காதவன்! கத்திரிக்காய் நிறத்துல கன்னிப்போனது அவன் தோளா? தன்னைக் காப்பாத்திக்கச் சொன்ன பொய்யாவே இருக்கட்டும். அதுல போய் எனக்குச் சுடத் தெரியாதுன்னு எழுதி வைப்பானா?

சார்ஜன் வீடியோவை ஓட்டினாள். யாரோ சேமித்து அனுப்பியது. மேளத்துக்கு நடுவில் ஜெயகுமார் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். "இங்க என்ன சொல்றாரு, புவான்?" என்று கேட்டாள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒழுங்கா நில்லுன்னு சொல்றான் என்றால் முடிந்தது. சாமி கும்பிடுன்னு சொல்றான் என்றாலும் முடிந்தது. அவளுக்குத் தெரியவா போகிறது.

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன்.

"அண்ணிக்குத் தெரியாம தூக்கிட்டேன்டா, உள்ள இருக்காங்க, சீக்கிரம் எடு."

வார்த்தைக்கு வார்த்தை மலாயில் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. அவள் எழுதிக்கொண்டாள். பிறகு, பெட்டியைத் திறந்து வெளியே வைத்தது நான், விட்டுவிட்டு உள்ளே போனது நான், அதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினாள். கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. யாரும் வரவில்லை. இவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். முறுக்கு டப்பா திறக்காமலே இருக்கு.

நவம்பர் 18, திங்கள்

ஜெயகுமார் வேலை போச்சு.

இவர் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "சந்தோஷமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தைதான். நான் என்ன சொல்ல? இல்லைன்னு சொன்னா நம்புவாரா? ஆமான்னு சொல்ற அளவுக்கு நான் பேய் இல்லை. ஆனா ஒண்ணு. தம்பி பண்ணினது தப்புன்னு இந்த ஆள் வாயிலிருந்து இதுவரைக்கும் ஒரு தடவை வரலை. வேலையை எடுத்தது நானாம், துப்பாக்கியை எடுத்தவன் மட்டும் பச்சைக்குழந்தையாம்.

2025 ஜனவரி 7, செவ்வாய்

பழசும் புதுசும் சேர்த்து மிச்சம் தொண்ணூற்று மூன்று. வேலியோரம் கம்பி வலை கட்டுகிறேன், அதன் அடியில் தோண்டிக்கொண்டு வருகிறது. இவர் பேசுவதில்லை, ஆனால் விடியற்காலையில் எழுந்து தகரம் தட்டப் போகிறார். நான் போகும்போது அவர் திரும்பி வருகிறார். வழியில் பார்த்துக்கொள்கிறோம். அதோடு சரி.

பிப்ரவரி 18, செவ்வாய்

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, துப்பாக்கி ஒன்று. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இன்னொரு தடவை நடந்தால் நிரந்தரமாகப் போகும் என்றாள் சார்ஜன். எனக்குத் தெரியும் என்றேன். ஜெயகுமார் கோர்ட்டில் அபராதம் கட்டினான் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

சுட்டுவிட்டேன்.

விடிந்தும் விடியாத நேரம், பனி. இவர் மேட்டுப் பக்கம் தகரம் தட்டிக்கொண்டிருந்தார். கீழ் வரிசையில் ஒரு கன்று ஆடியது. காற்று இல்லை. இருபது அடி போனேன். பெரிய ஆண். குருத்தில் வாயை வைத்துக்கொண்டே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, மென்றுகொண்டே. அந்த மெல்லுதலைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம்! இடது தோள், கன்னம் கட்டையில், இரண்டு கண்ணும் திறந்து. ஒரே வெடி. நாலு எட்டு ஓடி விழுந்தது.

நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். எதுக்கு என்று தெரியவில்லை. இவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். பன்னியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய்க் கயிறும் கழியும் கொண்டு வந்தார். கால்களைக் கட்டிக் கழியில் கோத்து, முன்னால் அவர், பின்னால் நான். பாதி வழியில், "தோள் வலிக்குதா?" என்றார். நாலு மாசத்தில் அவராகப் பேசிய முதல் பேச்சு.

வலிக்குது என்றேன்.

பக்கத்துத் தோட்டத்து சின்னையா அண்ணன் வந்து மயிர் பொசுக்கி வெட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பழக்கப்படி வாழை இலையில் பங்கு வைத்தார். வந்த ஆளுக்கு ஒரு கூறு, துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு கூறு, நல்ல தொடைக்கறியாக. அந்தக் கூறு லைசன்சுக்காரருக்குப் போகும். "இது உனக்கு, யோகம்," என்று அந்த இலையை என் பக்கம் தள்ளினார். நான் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தேவகி. ஃபாக்டரி சட்டையோடு, ராத்திரி ஷிப்ட் முடித்து நேராகக் குலிமிலிருந்து. இப்போது அவள்தான் வேலைக்குப் போகிறாள், ஜெயகுமார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறான். இவர் போன் பண்ணிச் சொல்லியிருப்பார் போல. அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். உட்காரவில்லை.

"அவரு அனுப்பல. நானாத்தான் வந்தேன்," என்றாள்.

எனக்கு வந்த ஆள் பங்குக் கூறை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. பக்கத்தில் தனியாக இருந்த தொடைக்கறி இலையைப் பார்த்தாள். "அது யாருது?"

"துப்பாக்கிப் பங்கு," என்றார் சின்னையா அண்ணன்.

தேவகி குனிந்து அந்தக் கூறை இலையோடு சுருட்டி, கையில் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையில் போட்டாள். யாரையும் கேட்கவில்லை. பிறகு என் கையிலிருந்த கூறையும் வாங்கி அதே பையில் போட்டாள். சின்னையா அண்ணன் வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பையை மோட்டாரின் முன் கூடையில் வைத்து, கயிற்றால் இழுத்துக் கட்டினாள். "எனக்கு உங்க மேல கோவம் போகலக்கா."

"எனக்கும் போகலடி," என்றேன்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "ரெண்டு புள்ளைங்க, மாமி, அவரு, நானு. இது நாலு நாளைக்கு வரும். அடுத்த தடவை சுட்டா உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி விடாதீங்க, நீங்களே எனக்குப் போன் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பினாள்.